சைகோனில் ஆங்கில டீச்சர்: கேட்டவர்களுக்குச் சொன்னது

நான் கடலூர் முதுநகர்காரி. ஆறு வருடம் வியட்நாமில், ஹோ சி மின் நகரில் (அந்த ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் சைகோன்தான்) ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது புதுச்சேரியில் இருக்கிறேன். அங்கே வேலைக்குப் போகலாமா என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துவிட்டதால், வந்த கேள்விகளை ஒன்றாகப் போட்டு எழுதுகிறேன்.

நெய்வேலித் தம்பி: அக்கா, பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டேன். டூரிஸ்ட் விசாவில் போய்விடு, அங்கே வேலை தேடிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜெண்ட். போகலாமா?

வேண்டாம் தம்பி. என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்படி வந்தவர்தான். இரண்டு மாதச் சம்பளத்தை இழுத்தடித்தார்கள். வேலை செய்ததே சட்டப்படி இல்லை என்கிறபோது யாரிடம் போய்ப் புகார் கொடுப்பார்? வொர்க் பர்மிட் வேண்டும். அதற்கு டிகிரி, கற்பித்தல் சான்றிதழ், போலீஸ் சான்று, மருத்துவப் பரிசோதனை எல்லாம் கேட்பார்கள். டிகிரியில் நம் வெளியுறவு அமைச்சக முத்திரை, அப்புறம் அவர்கள் தூதரக முத்திரை என்று வாங்கி முடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. சான்றிதழ் என்றால் செல்டாவுக்கு (CELTA, ஆங்கிலம் கற்பிக்கக் கேம்பிரிட்ஜ் தருகிற சான்றிதழ்) மதிப்பு அதிகம். 120 மணி நேரப் படிப்பு, அதில் 6 மணி நேரம் நிஜ மாணவர்களுக்கு முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டும். காசு கூடத்தான் ஆகும். ஆனால் அந்த 6 மணி நேரத்தில்தான் வேலை தெரிய வரும்.

திருப்பாதிரிப்புலியூர்: இந்தியப் பாஸ்போர்ட், கறுப்பு நிறம். மதிப்பார்களா?

பூசி மெழுகாமல் சொல்கிறேன். முதல் வரிசை அமெரிக்க, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு. நாமும் பிலிப்பைன்ஸ்காரர்களும் பின்னால்தான். மணிக்கணக்குச் சம்பளத்திலும் அந்த வித்தியாசம் இருக்கும். நான் மாதிரி வகுப்பு எடுத்து முடித்ததும் ஒரு அம்மா மேனேஜரிடம் போய், "வெள்ளைக்கார டீச்சர் எப்போது வருவார்?" என்று கேட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். அதே அம்மா மறு வருடம் இரண்டாவது பிள்ளையையும் என் வகுப்பில்தான் சேர்த்தார் என்பது வேறு கதை. தென் கொரியாவை நினைத்துக்கொண்டிருந்தால், அங்கே தனியார் பயிற்சி நிலையங்களில் ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்காரர்களுக்குத்தான் விசா. அந்த ஏழில் நாம் இல்லை.

பண்ருட்டியிலிருந்து ஒரு டீச்சர்: வகுப்பில் எது ரொம்பக் கஷ்டம்?

கடைசி எழுத்து! வியட்நாமியச் சொல்லின் முடிவில் ஸ், ஃப், ல் எல்லாம் வரவே வராது. ப், ட், க் வந்தாலும் வாயை மூடி நிறுத்திவிடுவார்கள், வெளியே கேட்காது. அதனால் லைஃப், லைட், லைக் மூன்றும் குழந்தைகள் வாயில் ஒரே 'லாய்'. நமக்கு நேர் எதிர் வியாதி. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது, அதனால் பஸ்ஸு, கேட்டு, புக்கு என்று ஒரு உகரத்தை ஒட்டவைத்துவிடுகிறோம்.

எனக்குக் கைகொடுத்தது அந்த வியாதிதான். "எங்க ஊர்ப் பாட்டி மாதிரி சொல்லுங்க" என்று லைஃபு, லைட்டு, லைக்கு என்று சொல்ல வைப்பேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். அப்புறம் அந்த 'உ'வைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாக்கச் சொல்வேன், காற்று மட்டும் மிஞ்சுகிற வரைக்கும். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு, "டீச்சர், காத்து வந்திடுச்சு!" என்று அவன் மொழியில் கத்தினான். பக்கத்து அறை லண்டன்காரருக்கு இந்த வித்தை தெரியாது. அவருக்கு ஆங்கிலம் பிறந்ததிலிருந்தே சரியாக வந்துவிட்டது, பாவம்.

இன்னொன்று, பார்த்தவுடனே உங்கள் வயதைக் கேட்பார்கள். கோபப்படாதீர்கள். அண்ணனா, அக்காவா, தம்பியா என்று முறை தெரியாமல் அவர்களால் ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாது. நமக்குப் புரியாததா?

லாஸ்பேட்டை: ஒரு நாள் எப்படிப் போகும்?

பயிற்சி நிலையம் என்றால் பகலில் சும்மா, மாலை ஐந்தரைக்கு மேல் ஓட்டம். சனி, ஞாயிறு முழுக்க வகுப்பு. மதியம் ஊரே தூங்கும். நம் புதுச்சேரிக் கடைகள் ஷட்டர் இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. நவம்பர் 20 அங்கே ஆசிரியர் தினம், வீடு கொள்ளாத அளவுக்குப் பூ வரும். டெட் புத்தாண்டு விடுமுறையில் எனக்குக் காசு வராது, அதற்கு முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டும்.

வில்லியனூர்: சைவம். பிழைக்க முடியுமா?

'சாய்' என்று கேளுங்கள், சைவம் என்று அர்த்தம். அவர்களுடைய சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் அங்கே சைவம்தான். மற்ற கடைகளில் மீன் சாறு இல்லாத குழம்பு அபூர்வம். எனக்கு அந்த வாசனை வீட்டுக் கருவாட்டுப் பானை மாதிரி இருந்தது, உங்களுக்கு எப்படியோ.

முத்தியால்பேட்டைப் பெரியவர்: என் தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோனில் உத்தியோகம் பார்த்தார். அங்கே மாரியம்மன் கோயில் இருக்கிறதாமே?

இருக்கிறது ஐயா, துரோங் தின் தெருவில். புதுச்சேரியிலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் நிறைய. இன்றைக்குக் கோயிலை நிறைப்பவர்கள் வியட்நாமியர்கள். கைநிறைய ஊதுபத்தியோடு வந்து, பின்பக்கக் கல் சுவரில் நெற்றியை வைத்து வேண்டுதலை முணுமுணுப்பார்கள். பரீட்சைக்கு முன்னால் என் மாணவி ஒருத்தியை அங்கே பார்த்தேன். ஆங்கிலத்திலா வேண்டினாய் என்று கேட்டதற்கு, "அம்மனுக்கு என் உச்சரிப்பு புரியாது டீச்சர்" என்றாள்.

மஞ்சக்குப்பம்: பெட்டியில் என்ன எடுத்துப்போகலாம்?

அசல் சான்றிதழ்களைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். புளி வேண்டாம், அங்கேயே கிடைக்கும், அவர்களும் புளிக்குழம்பு வைக்கிறவர்கள்தான். இட்லிப்பொடி எடுத்துக்கொள்ளுங்கள். குக்கர் கொண்டுபோனால் கேஸ்கட் இரண்டு சேர்த்துப் போடுங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மார்க்கெட் மார்க்கெட்டாக அலைந்து, கடைசியில் சைக்கிள் டியூபை வெட்டிப் பார்த்தேன். விசில் வரவில்லை.