நுண்ணுயிர் எதிர்ப்புத்திறனை ஆராயும் விஞ்ஞானியின் வேலை என்ன?

"புது மருந்து கண்டுபிடிப்பதுதானே இவர்கள் வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். அது ஒரு பகுதிதான். நுண்ணுயிர் எதிர்ப்புத்திறன் என்பது, பாக்டீரியா போன்ற கிருமிகள் மருந்துக்குச் சாகாமல் தாக்குப்பிடிக்கும் திறன். இத்துறையில் பலரின் காலம் கண்காணிப்பில் கழிகிறது. ரத்தம், சிறுநீர், கால்நடைப் பண்ணை, கழிவுநீர் என்று மாதிரிகள் எடுத்து, பாக்டீரியாவை வளர்த்து, எந்த ஆன்டிபயாடிக்குக்கு அது சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று பார்ப்பார்கள். பிறகு மரபணுவை வாசிப்பார்கள்.

இதன் பலனை 2015 நவம்பரில் உலகம் பார்த்தது. கடைசிக் கையிருப்பு மருந்தான கோலிஸ்டினுக்கு பாக்டீரியாவை அடங்காததாக்கும் எம்சிஆர்-1 மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பன்றி, இறைச்சி, நோயாளி என மூன்றிலும் இருந்தது. அதைவிட அச்சமூட்டியது, அது பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் இருந்ததுதான். ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாகத் தாவிவிடும். சில வாரங்களிலேயே டென்மார்க் தன் பழைய சேமிப்புத் தரவில் தேடி, அதே மரபணுவைக் கண்டது. யாரோ பொறுமையாகச் சேர்த்து வைத்திருந்ததால்தான் தேட முடிந்தது. எனக்கு இத்துறையில் மிகப் பிடித்த விஷயம் இதுதான்.

படிப்பு? நுண்ணுயிரியல், மருத்துவம், கால்நடை மருத்துவம், எதிலிருந்தும் வரலாம். பெரும்பாலும் முனைவர் பட்டம் வேண்டும். புள்ளியியலையும் கொஞ்சம் நிரல் எழுதுவதையும் இப்போதே தொடங்குங்கள். குவியும் மரபணுத் தரவைக் கண்ணால் பார்த்து முடிக்க முடியாது.