வன்னியில் இருந்து ஒரு பெண் பிள்ளை இலங்கைத் தேசிய உதைபந்தாட்ட அணிக்குப் போக முடியுமா? ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் ஆட்டப் பருவம் ஒன்றுதானா?

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது சுகமானது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். பருவம் ஒன்றல்ல. நாடுகள் தங்களுக்குள் ஆடுவதற்கென்று உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா சில நாட்களை ஒதுக்குகிறது. அந்த நாட்களில் கழகங்கள் வீரர்களை விட்டே ஆகவேண்டும். ஆண்களுக்கு 2025 வரை மார்ச், ஜூன், செப்டெம்பர், ஒக்டோபர், நவம்பர் என்று இருந்தது. 2026 இல் இருந்து செப்டெம்பரையும் ஒக்டோபரையும் சேர்த்து ஒரே நீட்டாக ஆக்கிவிட்டார்கள். பெண்களுக்கு வேறு அட்டவணை. ஆனால் எங்கள் பெண்கள் அணிக்கு நாள் இருந்தாலும் ஆட்டம் குறைவு. சாஃப் என்கிற தெற்காசியக் கிண்ணம்தான் பெரிய விசயம், அதுவும் 2019, 2022, 2024 என்று விட்டு விட்டுத்தான் வந்திருக்கிறது.

சரி, முதலாவது கேள்வி. அதற்காகத்தான் வேலை முடிந்து வந்து தேத்தண்ணிகூடக் குடிக்காமல் எழுதுகிறேன். பெயர் போடாமல் கேட்டிருக்கிறீர்கள், ஆனாலும் ஊகிக்க முடிகிறது. பிள்ளைக்குப் பதினைந்து, பதினாறு வயது இருக்கும். வலய மட்டம் தாண்டி மாகாணத்துக்குப் போயிருக்கிறாள். வீட்டில் ஓஎல் பரீட்சைப் பேச்சுத் தொடங்கிவிட்டது. அம்மம்மா கறுத்துப்போறாள் என்கிறார், பாடசாலையில் விளையாட்டுப் பழக்குகிற பிடி சேர் மட்டும் பிள்ளையை மறிக்காதேங்கோ என்கிறார். அப்படி இல்லாமல் நீங்கள் கனடாவில் இருந்து கேட்கிற சித்தப்பா என்றாலும் பதில் இதுதான்.

திறமை காணுமா என்று யோசிக்க வேண்டாம். வடக்குப் பிள்ளைகளின் கால் எப்படி என்பதைத் தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பெண்கள் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் எப்போதோ காட்டிவிட்டார்கள். பிரச்சினை பாடசாலை முடிந்த அடுத்த நாள் தொடங்குகிறது.

நான் ஆடியது வலது பின்வரிசை. ஊர் கிளிநொச்சி மாவட்டத்தில், வாய்க்கால் தண்ணி ஓடுகிற வயல் கிராமம். எங்கள் மைதானம் முழுக்க நெருஞ்சி. மழை பெய்து இரண்டு கிழமையில் மஞ்சள் பூப் பூத்து வடிவாகத்தான் இருக்கும், பிறகு முள் காய்ந்து பந்துக்குள் ஏறும். ஏறினால் அன்றைய பயிற்சி முடிந்தது. சைக்கிள் கடை ஐயா காசு வாங்காமல் ஒட்டித் தருவார், ஆனால் ஒட்டிய பக்கம் பாரமாகி, அந்தப் பந்து உதைத்தால் போகிற இடம் அதற்கே தெரியாது.

ஒருமுறை யாழ்ப்பாணத்தில் போட்டி. எங்களைக் காற்சட்டையோடு மட்டும் ஆடப் பாடசாலை விடவில்லை, உள்ளே நீள லெகின்ஸ் போடவேண்டும். காற்சட்டை நீலம், லெகின்ஸ் கறுப்பு. நடுவர் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே போடுவது காற்சட்டையின் நிறத்திலேயே இருக்கவேண்டும் என்பது விதி. அவர் சொன்னது சரி, அந்த விதி இன்றைக்கும் இருக்கிறது. ஆட்டம் தொடங்க இருக்கிறது, எங்கள் மிஸ் கடை தேடி ஓடப் பார்க்கிறார். கடைசியில் எதிரணிப் பிள்ளைகள்தான் தங்கள் பயிற்சிக் காற்சட்டைகளைக் கழற்றித் தந்தார்கள், கறுப்பு நிறம். அதைப் போட்டுக்கொண்டு அவர்களையே 2–1 என்று வென்றோம். கழுவித் திருப்பி அனுப்பியபோது ஒரு பை பனங்கிழங்கும் சேர்த்து அனுப்பினோம். இதை யாருக்குச் சொன்னாலும் எனக்கு இப்பவும் சிரிப்பு வரும்.

உயர்தரம் (ஏஎல்) எழுதிவிட்டு இருந்த நேரத்தில் கொழும்பில் ஒரு தெரிவுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. சிங்களத்தில் இருந்தது. எங்கே படுத்துக்கிடந்து வந்ததோ, கைக்கு வந்தபோது அடுத்த நாள் காலை அங்கே நிற்கவேண்டும். கிளிநொச்சியில் இருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். அம்மாவும் நானும் இரவு பஸ் ஏறினோம். விடியப் போய் இறங்கி, ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் முகம் கழுவி, உடுப்பு மாற்றி, நேரே மைதானம். தென்ன, எண்ட, அதாவது தா, வா என்பதற்கு மேல் எனக்குச் சிங்களம் தெரியாது. ஆட்டத்துக்கு அது காணும். வடிவாகத்தான் ஆடினேன், பெருமைக்குச் சொல்லவில்லை, இரண்டாம் சுற்றுக்கும் என்னை வைத்திருந்தார்கள்.

பின்னேரம் ஒருவர் வந்து, தமிழ் தெரிந்த இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மாவோடு கதைத்தார். வந்தவர் படைக் கழகம் ஒன்றின் ஆள், படையினரின் உதைபந்தாட்டக் கழகம். சேர்ந்தால் சம்பளம், தங்க இடம், சாப்பாடு, சப்பாத்து, வருடம் முழுக்கப் பயிற்சி. தேசிய அணிக்கு அதுதான் கிட்டிய வழி என்றார். அதில் பொய் இல்லை, மரியாதையாகத்தான் கதைத்தார். அம்மா சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. "உடுப்புப் போடவேணுமோ?" என்று மட்டும் கேட்டார். ஓம், படைச் சீருடை போடவேண்டும். "யோசிச்சுச் சொல்லுறம் தம்பி" என்றார் அம்மா.

எங்கள் குடும்பம் 2009 இல் போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து செட்டிகுளம் அகதி முகாமில் இருந்த குடும்பம். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். வன்னியில் இருப்பவர்களுக்கு விளங்கும்.

இந்த இடத்தில் இரண்டு பக்கத்தாலும் எனக்கு ஏச்சு விழும், தெரியும். ஒருவர் வந்து, பிள்ளைகளைப் படையில் சேரச் சொல்லுகிறாயா என்பார். இன்னொருவர், வேலையும் தந்து விளையாடவும் விடுகிறார்கள், அதிலும் குறையா என்பார். சேர்ந்த பிள்ளைகளை நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன், அது அவர்களுடைய வீட்டு அடுப்பும் அவர்களுடைய முடிவும். என் அம்மாவையும் குறை சொல்லமாட்டேன். நான் கேட்பது இதுதான்: பெடியனுக்கு மட்டும் எப்படி வேறு வாசலும் இருக்கிறது? ஆண்கள் பக்கத்திலும் படை அணிகள் உண்டு, ஆனால் கொழும்பில், களுத்துறையில், பேருவளையில், வென்னப்புவையில் எல்லாம் ஊர்க் கழகங்களும் உண்டு. ஆண்களுக்கான 2021 சூப்பர் லீக்கை வென்றது களுத்துறை புளூ ஸ்டார். (அந்த லீக்கில் வடமாகாணக் கழகம் ஒன்றுகூட இருக்கவில்லை என்பது தனிக் கதை.) மன்னாரில் இருந்து டக்சன் பியூஸ்லஸ் போய்த் தேசிய அணிக்கு ஆடினார், மாலைதீவுக் கழகத்துக்கும் ஆடினார். 2022 பெப்ரவரியில் அங்கே இறந்துபோனார். அந்தக் கிழமை எங்கள் பக்கம் முழுக்க அதே கதைதான். பெண்கள் பக்கத்தில் பலமான கழகங்கள் என்றால் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ். பெட்டைக்கு ஒரு வாசல், அந்த வாசலில் சீருடை.

அதற்குள் 2023 ஜனவரியில் பீபா எங்கள் இலங்கைச் சம்மேளனத்தைத் தடைசெய்தது, ஓகஸ்டில்தான் எடுத்தது. ஆண்கள் அணிக்கு அந்த வருட சாஃப் போனது, அதைப் பத்திரிகை எழுதியது. பதினேழு வயதுப் பெட்டைக்கு அந்த வருடம் போனதை யார் எழுதினார்கள்? பெடியனுக்கு இருபத்தைந்து வரை வீடு பொறுக்கும். பெட்டைக்கு ஏஎல் முடிந்த கையோடு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

2024 செப்டெம்பரில் கம்போடியாவைப் பெனால்ரியில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் அடுத்த சுற்றுக்கு ஆண்கள் அணி போனபோது நானும் துள்ளினேன். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பெடியளைத் தேடிப் பிடித்து அணி கட்டினார்கள், நல்லது. பெண்களுக்கும் அப்படித் தேடட்டும், அதற்கு முதல் உள்ளூரிலும் கொஞ்சம் தேடட்டும். பங்களாதேஷைப் பாருங்கள். 2022, 2024 இரண்டு சாஃப் கிண்ணமும் அவர்களுடைய பெண்களுக்கு, இரண்டும் கத்மண்டுவில் நேபாளத்தை வென்று. 2025 இல் முதல் தடவையாகப் பெண்கள் ஆசியக் கிண்ணத்துக்கும் தகுதி பெற்றார்கள். அந்த அணிக்கு அடித்தளம் போட்டவர்களில் பலர் மைமன்சிங் மாவட்டத்தில் கோல்சிந்தூர் என்ற எல்லையோரக் கிராமத்து ஆரம்பப் பாடசாலையில் பந்து பிடித்தவர்கள். ஆரம்பப் பாடசாலைச் சிறுமிகளுக்கென்றே நாடு முழுக்க ஒரு போட்டி வைத்தார்கள், அவ்வளவுதான் மந்திரம். அங்கேயும் எல்லாம் ஒழுங்கு இல்லை, 2025 தொடக்கத்தில் வீராங்கனைகள் பலர் பயிற்சியாளரோடு முரண்பட்டுப் பயிற்சிக்கு வரமாட்டோம் என்று நின்றார்கள். ஆனாலும் 2021 டிசம்பரில் டாக்காவில் 19 வயதுக்குட்பட்ட எங்கள் பிள்ளைகளை அவர்கள் 12–0 என்று வென்றதை மறக்க முடியாது. அன்றைக்கு ஓடியவர்கள் குறைந்தவர்கள் இல்லை. அவர்களுக்குப் பின்னால் ஒன்றும் இருக்கவில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கனகாலமாகக் கிடக்கிறது. எங்கள் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு வெளிநாட்டுப் பழைய மாணவர்கள் காசு சேர்த்து ஒரு வாசல் வளைவு கட்டினார்கள். கருங்கல்லில் பெயர்கள், காசு தந்தவரின் தாய் தகப்பன் பெயர் வரை. திறப்பு விழாவுக்கு விருந்தினரை வரவேற்க நிற்கச்சொன்னது உதைபந்தாட்டப் பிள்ளைகளை, உயரமாக இருக்கிறார்களாம். பயிற்சி நேரத்தில் வரவேற்பு ஒத்திகை. கோல் கம்பத்துக்கு வலை இல்லை என்று மேடையில் இருந்தவர்களிடம் ஒரு பிள்ளை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள், அதற்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த ஏச்சைக் கேட்டிருக்க வேண்டும். காசு அனுப்புகிறவர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் உழைப்பு எனக்குத் தெரியும். வளைவுக்குள்ளால் பந்து அடிக்க முடியாது, அவ்வளவுதான்.

இனி உங்கள் பிள்ளைக்கு. பதினைந்து முடிந்தவுடன் அடையாள அட்டை எடுங்கள். கடவுச்சீட்டும் எடுத்து வையுங்கள், வவுனியாவிலேயே காரியாலயம் இருக்கிறது. வயதுப்பிரிவு அணிக்குக் கூப்பிட்டால் அதற்குப் பிறகு ஓடித்திரிய நேரம் இருக்காது. சிங்களம் படிக்க விடுங்கள், சண்டை பிடிக்கவாவது உதவும். ஓஎல்லுக்காகப் பயிற்சியை முழுதாக நிற்பாட்ட வேண்டாம், கிழமையில் இரண்டு பின்னேரம் காணும். படைக் கழகம் கேட்டு வந்தால் பிள்ளையையும் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள், என்னிடம் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நான் என்ன சொல்லியிருப்பேனோ, எனக்கே தெரியாது.

நான் இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ஊர்ப் பிள்ளைகள் சிலரை வைத்து ஆடுகிறோம். கிளிநொச்சிப் பக்கம் என்றால் தனிச்செய்தி போடுங்கள், இடம் சொல்லுகிறேன். பந்து எங்களிடம் இருக்கிறது, தண்ணிப் போத்தல் மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.