ஹெல்பருக்கு ஏறுது, டர்னருக்கு?

கேள்வி: லேத் பட்டறையில் பதினான்கு வருடமாக டர்னர் (இயந்திரத்தில் உலோகம் கடைபவர்). சம்பளம் மூன்று வருடமாக 18,000 ரூபாய்தான். அப்போது 12,000 வாங்கிய ஹெல்பர் இப்போது 14,500 வாங்குகிறார். கேட்டால், "அவனுக்குச் சட்டப்படி ஏத்தணும், உனக்கு அப்படி இல்ல" என்கிறார் முதலாளி. உண்மையா?
- வாசகர், சூரமங்கலம், சேலம்

பதில்: பாதி உண்மை. இதற்குக் கீழே கொடுக்காதே என்பதோடு குறைந்தபட்ச ஊதிய விதி நின்றுவிடுகிறது. அதைவிடக் கூடுதலாக வாங்குபவருக்கு ஏற்றித்தர வேண்டும் என்று அதில் இல்லை.

சிக்கல் அகவிலைப்படியில் இருக்கிறது. தமிழ்நாட்டு அறிவிப்புகளில் அடிப்படைச் சம்பளம் தரத்துக்குத் தரம் மாறும். படி மட்டும், விலைவாசிக் குறியீடு ஒரு புள்ளி ஏறினால் இத்தனை ரூபாய் என்று எல்லோருக்கும் ஒரே தொகை. ஏப்ரல் 1-ல் ஏறுவது இதுதான். வருடாவருடம் இருவருக்கும் ஒரே ரூபாய் ஏறினால் கைவேலைக்கான வித்தியாசம் தேய்ந்துகொண்டே போகும். முன்பு நீங்கள் ஹெல்பரைப் போல ஒன்றரை மடங்கு வாங்கினீர்கள். உங்களுக்கு அந்த ஒரே ரூபாயும் ஏறாததால், இப்போது ஒன்றேகால் மடங்குக்கும் குறைவு.

ஆகவே "அவனுக்கு ஏற்றியதை எனக்கும் ஏற்றுங்கள்" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் 20,500-தான் வரும். பழைய ஒன்றரை மடங்கு என்றால் 21,750. மடங்கில் பேசுங்கள், அதுவும் மார்ச்சிலேயே. நாலு ஜா சக்கில் (ஜாப்பைப் பிடிக்கும் நாலு தாடைப் பிடி) டயல் வைத்து சென்டர் பார்ப்பது, டூல் பிட் (வெட்டும் உளி) தீட்டுவது, டிராயிங் பார்த்து ஜாப் முடிப்பது, இதில் ஹெல்பரால் முடியாதது எது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாத ரிஜெக்‌ஷன் (கழித்துப்போட்ட ஜாப்) கணக்கும் கையில் இருக்கட்டும். சர்வீஸ் வருடத்தைவிட முதலாளி காதில் இது நன்றாக ஏறும்.

அதற்கு முன் சம்பளச் சீட்டைப் பாருங்கள். டர்னர் வேலை வாங்கிக்கொண்டு பதிவேட்டில் 'உதவியாளர்' என்று எழுதும் வழக்கம் உண்டு. தரத்தை முடிவு செய்ய வேண்டியது செய்யும் வேலை, எழுதிய பெயர் அல்ல.

ஓவர்டைமில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அடிப்படையும் படியும் சேர்ந்து 18,000 என்றால், 26 நாள், 8 மணி கணக்கில் மணிக்கு 86.50 ரூபாய் ஆகிறது. ஓவர்டைமுக்கு இரட்டிப்பாக 173 தர வேண்டும். ஒற்றைக் கூலி கொடுத்தால், தினம் ஒரு மணி நேரத்துக்கே மாதம் 2,250 போகிறது. பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டம் போன்றவற்றை ஒன்றாக்கி 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் பாக்கி கேட்க மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. தேதி, வந்த நேரம், போன நேரம் மூன்றையும் இன்றிலிருந்தே ஒரு பாக்கெட் நோட்டில் குறித்து வாருங்கள்.