வீடின்மை விண்ணப்பம், மறுபரிசீலனை, முறைப்பாடு: கவுன்சில் குறித்த கேள்விகளும் பதில்களும்

லண்டனிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் நம்மவர்களுக்குக் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) அனுப்பும் கடிதங்களைப் படித்து விளக்குவதும் பதில் எழுதிக் கொடுப்பதும் பல ஆண்டுகளாக என் வேலை. அண்மையில் வந்து சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு.

வீட்டுக்காரர் வீட்டை விற்கப்போவதாக நோட்டீஸ் தந்துவிட்டார். "பெய்லிஃப் (நீதிமன்றத்தின் வெளியேற்ற அலுவலர்) வந்து கதவைத் தட்டும்வரை அங்கேயே இருங்கள், பிறகு வாருங்கள்" என்று கவுன்சிலில் சொல்கிறார்கள். இது முறையா, ஐயா?

முறையல்ல. 2018 ஏப்ரல் 3 அன்று நடைமுறைக்கு வந்த வீடின்மைக் குறைப்புச் சட்டத்தின்படி, 56 நாட்களுக்குள் வீட்டை இழக்கக்கூடிய நிலையில் ஒருவர் வந்து நின்றால், அப்போதே கவுன்சிலின் கடமை தொடங்கிவிடுகிறது. உங்கள் நிலைமையை மதிப்பிட்டு, உங்களுக்கென்று ஒரு வீடமைப்புத் திட்டத்தை எழுத்தில் தர வேண்டும். நீதிமன்றம் குறித்த நாளுக்குப் பிறகும் வாடகைக்கு இருப்பவரை அங்கேயே இருக்கச் சொல்வது நியாயமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று அரசின் வழிகாட்டிக் கோவையும் சொல்கிறது. விண்ணப்பத்துக்கென்று குறிப்பிட்ட படிவம் தேவையில்லை. "இன்ன திகதியில் எங்களுக்கு வீடு இல்லாமல் போகும்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினாலே அது விண்ணப்பம்தான். அதற்காக, கவுன்சில் எழுத்தில் எதுவும் தராத நிலையில் நீங்களே சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேறிவிடாதீர்கள். "வேண்டுமென்றே வீடிழந்தவர்" என்ற பெயரை அதுவே தேடித் தந்துவிடும்.

எனக்கு முன்னுரிமைத் தேவை (பிள்ளைகள், கர்ப்பம், நோய் போன்ற காரணத்தால் சட்டம் முதலிடம் தரும் நிலை) இல்லை என்று கடிதம் வந்தது. உடனே முறைப்பாடு எழுதிப் போட்டேன். ஆறு வாரம் கழித்து, "இது முறைப்பாட்டுக்கு உரிய விடயம் அல்ல" என்று பதில் வந்திருக்கிறது. இனி என்ன செய்வது?

என்னிடம் வருபவர்கள் அதிகம் இடறி விழும் இடம் இதுதான். கவுன்சிலின் தீர்மானம் பிழை என்பது ஒன்று. கவுன்சில் நடந்துகொண்ட விதம் பிழை என்பது வேறொன்று. முதலாவதற்கு 1996ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் 202ஆம் பிரிவின்கீழ் மறுபரிசீலனை கேட்க வேண்டும். இரண்டாவதற்குத்தான் முறைப்பாடு. மறுபரிசீலனைக்கு 21 நாட்கள்தான் அவகாசம். கடிதம் கையில் கிடைத்த நாளே முதலாம் நாளாக எண்ணப்படும். முறைப்பாடு போட்டதற்காக அந்த நாட்கள் நின்று காத்திருப்பதில்லை. உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். "மறுபரிசீலனை கேட்கும் உரிமை" பற்றிய ஒரு பந்தி இருக்க வேண்டும். அது இல்லையென்றால், தாமதத்துக்கு அதையே காரணமாகக் காட்டலாம். அது இருந்தாலும் முழுதாகக் கைநழுவிப் போய்விடவில்லை: காலக்கெடுவை நீட்டிக்கும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு. 21 நாட்களுக்குள் நீங்கள் அனுப்பிய அந்த முறைப்பாட்டில், "இந்தத் தீர்மானத்தை ஏற்க மாட்டேன்" என்ற பொருளில் ஒரு வரி இருந்தாலும், அதையே மறுபரிசீலனைக் கோரிக்கையாகக் கொள்ளும்படி இன்றே எழுதுங்கள்.

மறுபரிசீலனைக்குப் பெரும்பாலும் 8 வாரம் எடுப்பார்கள். அதுவரை தங்க இடம் தருவது அவர்களது விருப்புரிமை; கேட்டால்தான் யோசிப்பார்கள், ஆகவே கோரிக்கைக் கடிதத்திலேயே அதையும் கேளுங்கள். அதன் பிறகும் தீர்மானம் மாறாவிட்டால், சட்டப் பிழை இருந்தால் மட்டும், மீண்டும் 21 நாட்களுக்குள் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போகலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு வீடின்மை வழக்குகளில் சட்ட உதவி இன்னமும் கிடைக்கிறது. இந்தக் கட்டத்தில் என்னைப் போன்றவர்களை நம்பியிராமல் சட்டத்தரணியிடம் போவதே நல்லது.

நானும் இரண்டு பிள்ளைகளும் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் அறையொன்றில் ஐந்து மாதமாக இருக்கிறோம். சமைக்க இடமில்லை. எங்கள் விண்ணப்பத்தைக் கவனிக்கும் கவுன்சில் அலுவலர் (கேஸ் வேர்க்கர்) அழைப்பை எடுப்பதே இல்லை.

அம்மா, இப்படியான அறைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். யன்னல் விளிம்பில் ரைஸ் குக்கர், கட்டிலுக்கடியில் பள்ளிச் சீருடை, தாழ்வாரத்தின் கோடியில் எட்டுப் பேருக்கு ஒரு கழிவறை. 2003ஆம் ஆண்டின் ஆணை ஒன்று, பிள்ளைகள் உள்ள குடும்பத்தையோ கர்ப்பிணியையோ இத்தகைய இடத்தில் வேறு வழியே இல்லாதபோது மட்டும் வைக்கலாம், அதுவும் 6 வாரத்துக்கு மேல் கூடாது என்கிறது. ஆனால் முதலில் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள்: கட்டடம் கவுன்சிலுக்கே சொந்தமான விடுதியாக இருந்தால், கழிவறையும் சமையலறையும் பொதுவாக இருந்தாலும் இந்த 6 வாரக் கணக்கு பொருந்தாது.

அடுத்ததாக, எந்தக் கடமையின்கீழ் உங்களை அங்கே வைத்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். விசாரணை முடியும்வரையான இடைக்கால ஏற்பாடு என்றால், இடம் பொருத்தமற்றது என்று மறுபரிசீலனை கேட்கும் உரிமை சட்டத்தில் இல்லை. முறைப்பாடு செய்யலாம், அவசரமென்றால் சட்டத்தரணி மூலம் நீதித்துறை மீளாய்வை (கவுன்சிலின் செயல் சட்டப்படி சரிதானா என்று நீதிமன்றம் பார்ப்பதை) நாடலாம். விசாரணை முடிந்து, உங்களுக்கு வீடு கிடைக்கச் செய்யும் முழுக் கடமையைக் கவுன்சில் ஏற்றுக்கொண்ட பிறகு தந்த தற்காலிக வீடு என்றால், மறுபரிசீலனை கேட்கலாம். இந்த வேறுபாட்டைக் கவுன்சில் அலுவலர்களே சில வேளைகளில் குழப்பிவிடுகிறார்கள்.

உங்கள் முறைப்பாட்டுக்கு முதற்கட்டத்தில் 10 வேலை நாட்கள், இரண்டாம் கட்டத்தில் 20 வேலை நாட்கள் என்பது வழக்கமான அளவு. அதிலும் தீராவிட்டால் உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் (கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிப்பவர்) போங்கள். கட்டணம் இல்லை, பிரச்சினை உங்களுக்குத் தெரியவந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும். பொருத்தமற்ற இடத்தில் கழிந்த காலத்துக்கு மாதம் 150 முதல் 350 பவுண் வரை பரிந்துரைப்பது ஒம்புட்ஸ்மனின் நடைமுறை. அவரால் கவுன்சிலைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனாலும் பரிந்துரையைக் கவுன்சில்கள் அநேகமாக எப்போதும் ஏற்றுக்கொள்கின்றன. அவர் உங்களுக்கு வீடு எடுத்துத் தருவார் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

லண்டனுக்கு வெளியே, பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் வீடு தருகிறார்கள். மறுத்துவிடலாமா?

சட்டத்தரணியிடம் கேட்காமல் மறுக்க வேண்டாம். வீட்டை ஏற்றுக்கொண்டே, அது பொருத்தமற்றது என்று மறுபரிசீலனை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. மறுத்தபின் அது பொருத்தமான வீடுதான் என்று முடிவானால், கவுன்சிலின் கடமையும் அத்தோடு முடிந்துவிடும்; தெருவில் நிற்பது நீங்கள்தான். 2015இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சிலுக்கு எதிரான வழக்கில், லண்டனுக்கு வெளியே மில்டன் கீன்ஸ் அருகே தந்த வீட்டை மறுத்த ஐந்து பிள்ளைகளின் தாய் வென்றார். அருகில் ஏன் இடமில்லை, தூர இடத்தால் பிள்ளைகளுக்கு என்ன பாதிப்பு என்பதைக் கவுன்சில் உண்மையாகவே ஆராய்ந்து விளக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. வெற்றிதான், ஆனால் அதற்கு உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, சிகிச்சை பெறும் மருத்துவமனை, நீங்கள் பராமரிக்கும் முதியவர், வேலை நேரம் ஆகியவற்றுக்கான கடிதங்களை இன்றே சேகரியுங்கள்.

அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது. உள்துறை அமைச்சு என்னை வேறு நகரத்தில் தங்கவைத்திருந்தது. லண்டன் கவுன்சில் "இங்கே உங்களுக்குத் தொடர்பில்லை" என்று விண்ணப்பத்தையே எடுக்கவில்லை.

விண்ணப்பத்தை எடுக்காமல் விட்டது பிழை. உள்ளூர்த் தொடர்பு என்பது பின்னால் வரும் கேள்வி. ஆனால் கடைசியாக உங்களைத் தங்கவைத்த நகரத்தோடு சட்டப்படி உங்களுக்குத் தொடர்பு உண்டாகிவிடுவதால், பிறகு உங்கள் வழக்கை அங்கே அனுப்பிவைக்க இவர்களால் முடியும். லண்டனில் வேலையோ நெருங்கிய உறவினரோ இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

எங்கள் விசாவில் "அரச நிதி பெற முடியாது" என்று இருக்கிறது. பிள்ளை சிறியவள். கவுன்சிலிடம் போகலாமா?

வீடின்மை உதவியும் அரச நிதி என்றே கொள்ளப்படுவதால், அந்தக் கதவைத் தட்டுவதற்கு முன் குடிவரவுச் சட்டத்தரணியிடம் பேசுங்கள். பிள்ளை இருப்பதால், 1989ஆம் ஆண்டு சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவின்கீழ் அதே கவுன்சிலின் சமூக சேவைப் பிரிவிடம் தங்குமிடம் கேட்கலாம். அது அரச நிதிக்குள் வராது. விசா நிபந்தனையை நீக்கும்படி உள்துறை அமைச்சிடம் விண்ணப்பிக்கவும் வழியுண்டு.

கவுன்சில் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம், சுவரெல்லாம் பூஞ்சணம். இதற்கும் அதே ஒம்புட்ஸ்மனா?

இல்லை. கவுன்சில் உங்கள் வீட்டுக்காரராக இருக்கும் விடயங்களுக்கு வீடமைப்பு ஒம்புட்ஸ்மன் தனியாக இருக்கிறார். முதலில் கவுன்சிலின் இரண்டு கட்டங்களையும் முடித்துவிட்டுப் போங்கள்.

முறைப்பாடு செய்தால் கேஸ் வேர்க்கர் மனதில் வைத்துக்கொண்டு பழிவாங்குவாரோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயத்தை நான் லேசாக எடுக்க மாட்டேன். அலுவலகத்தில் குரல் உயர்த்திப் பழகாத ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். முறைப்பாட்டை விசாரிப்பவர் அந்த அலுவலர் அல்ல. அதனால் உங்கள் விண்ணப்பத்தின் நிலை மாறவும் கூடாது. கவுன்சில் உங்களைப் பற்றி வைத்திருக்கும் கோவையின் பிரதியைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பொதுவாக ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் சொன்னதாக அதில் எழுதியிருப்பதைப் படித்தால் பலருக்குத் தூக்கிவாரிப் போடும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள், பத்து வயது மகளை அந்த வேலைக்கு இருத்தாதீர்கள். ஒவ்வொரு தொலைபேசி உரையாடலுக்குப் பிறகும், "இன்று நீங்கள் எனக்குச் சொன்னது இது" என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். கடிதம் வந்த உறையையும் வீசிவிடாமல், கிடைத்த திகதியை அதன்மேல் பேனாவால் எழுதி வையுங்கள்.