பேரணிக்குப் போகும் கேமராவுக்கு: கேள்வி பதில்

ஜூன் கடைசி ஞாயிறு நெருங்கிவிட்டது. வானவில் பேரணியைப் படமெடுக்கப் போகிறவர்களும், அந்தப் படங்களைப் பக்கத்தில் வைக்கப் போகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர் ஒரு படப்பிரிவு ஆசிரியர். எந்த கேமரா வாங்கலாம் என்ற கேள்விக்கு மட்டும் இங்கே பதில் கிடையாது.

திருவல்லிக்கேணி தேவா: அக்கா, நாலு மணி வெயில், எழும்பூர்ப் பக்கம். போன வருஷப் படமெல்லாம் முகம் கறுத்து, கொடி வெளுத்துக் கிடக்குது. என்ன செட்டிங் வைக்கணும்?

நேர் வெயிலில் ஐஎஸ்ஓ 200, எஃப் 5.6, 1/800 நொடியில் ஆரம்பியுங்கள். ஊர்வலம் மர நிழலுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் சுமார் மூன்று ஸ்டாப் விழும் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாவது). அப்போது ஐஎஸ்ஓ 800, எஃப் 4, ஷட்டர் அதே 1/800. இந்த இரண்டையும் கேமராவின் இரண்டு கஸ்டம் இடங்களில் முன்கூட்டியே சேமித்துவிட்டால் வெயிலில் நின்று சக்கரம் திருப்ப வேண்டியதில்லை.

முகம் கறுத்ததற்குக் காரணம் கேமராவின் ஒளி மீட்டர். ஃப்ரேமில் வானமோ வெள்ளைத் துணியோ நிறைய இருந்தால், அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்த்து மொத்தப் படத்தையும் கேமரா இருட்டாக்கும். அங்கே எக்ஸ்போஷரை +0.7 ஸ்டாப் கூட்டுங்கள். கருநிற முகம் ஃப்ரேமை நிறைத்தால் நடப்பது இதற்கு நேர்மாறு. அதே சாம்பலைத் தேடி முகத்தை வெளுக்க வைக்கும், -0.7 குறைக்க வேண்டும். எடிட்டிங்கில் ‘கொஞ்சம் பளிச்சுன்னு’ என்று தோலை வெளுக்கிற பழக்கம் கல்யாண ஆல்பத்தோடு நிற்கட்டும்.

கொடி வெளுத்தது வேறு கதை. சிவப்புப் பட்டையும் ராணி கலர் புடவையும் சிவப்புச் சேனலை முதலில் நிரப்பிவிடும். வெள்ளை ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காகத் தெரிந்தாலும் சிவப்பு தனியாக வலது சுவரில் முட்டிக்கொண்டிருக்கும், துணியின் மடிப்பெல்லாம் காணாமல் போகும். மூன்று நிற ஹிஸ்டோகிராமைப் போட்டுப் பாருங்கள். முட்டினால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்கு ஸ்டாப் வரை குறையுங்கள். ரா (RAW) கோப்பாக எடுங்கள்.

கொருக்குப்பேட்டை குரல்: பறையடிக்கிறவங்க கையை எப்படிப் பிடிக்கிறது?

குச்சி அசைவு கோடாக வேண்டுமென்றால் 1/30, உறைய வேண்டுமென்றால் 1/1000. இடையில் 1/200 வைத்தால் இரண்டும் இல்லாமல் கை மட்டும் கலங்கும். ஆறரைக்கு மேல் எல்இடி விளக்கு வெளிச்சம் வந்து பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் 1/50 அல்லது 1/100க்கு வாருங்கள்.

நங்கநல்லூர் நித்யா: சில பேர் ‘முகம் தெரிய வேண்டாம்’னு சொல்றாங்க. போன்ல பிளர் பண்ணினா போதுமா மேடம்?

போதாது. இந்த வருடம் வந்த கேள்விகளில் இதுதான் முக்கியமானது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

போனில் உள்ள மார்க்கரில் பாதி ஒளி ஊடுருவும். அதைக் கொண்டு நாலு தடவை கறுப்பாகத் தேய்த்தாலும், யாராவது வெளிச்சத்தை ஏற்றினால் அடியில் மூக்கும் முழியும் தெரியும். கட்டம் கட்டமாக மங்க வைப்பதும் லேசாக இருந்தால் ஆபத்துதான். குறிப்பாகக் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் எழுத்துகள்: ஒவ்வொரு எழுத்தையும் அதே அளவுக்கு மங்கவைத்துப் பார்த்து, எது பொருந்துகிறது என்று கண்டுபிடிக்கலாம். முழுசாக அடைத்த கட்டம் மட்டுமே நம்பத் தகுந்தது. கட்டம் போட்டபின் படத்தை ஒரே அடுக்காக்கி, புதிய ஜேபெக் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள்.

அடுத்தது கோப்புக்குள் இருப்பவை. எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் எல்லாம் எக்ஸிஃப் தகவலில், அதாவது கேமரா கோப்புக்குள் எழுதி வைக்கும் குறிப்பில், இருக்கலாம். சில கோப்புகளில் வெட்டுவதற்கு முந்தைய படத்தின் குட்டி உருவமும் உள்ளேயே கிடக்கும். வெளியே முகமில்லாத படம், உள்ளே முகத்தோடு ஒரு தபால்தலை! எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் கொண்டு எல்லாத் தகவலையும் துடைத்துவிட்டு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் ‘படம்’ என்று அனுப்பினால் இந்தத் தகவல் உதிர்ந்துவிடும். ‘டாக்குமெண்ட்’ என்று அனுப்பினால் அப்படியே போகும். தரம் குறையக் கூடாதென்று நம் ஆட்கள் டாக்குமெண்டாகத்தான் அனுப்புவார்கள். ஐபோனில் லைவ் போட்டோவை அணைத்து வையுங்கள். அது க்ளிக்குக்கு முன்னும் பின்னும் ஒன்றரை நொடி பதிவு செய்கிறது. நீங்கள் கட்டம் போட்டது நடுவில் உள்ள ஒரு படத்துக்கு மட்டும்.

முகம் மறைந்தால் ஆள் மறைந்துவிட மாட்டார். பச்சை குத்திய முன்னங்கை, கல்லூரிப் பை, வண்டி நம்பர், பக்கத்தில் நிற்கிறவரின் கறுப்புக் கண்ணாடியில் விழுந்த பிம்பம் எல்லாவற்றையும் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒருவரை அடையாளம் காண அவருடைய அம்மாவுக்கு முகம் தேவைப்படாது, புடவை போதும்.

பாரிமுனை வாதி: ஒன்னு புரியலைங்க. நடுரோட்டுல கொடி பிடிச்சு, கோஷம் போட்டு நடக்கிறாங்க. அதுக்கப்புறம் என்ன அந்தரங்கம்? பொது இடத்தில் படமெடுக்கத் தடையே இல்லையே?

பொதுத் தெருவில் நடக்கும் ஊர்வலத்தைப் படமெடுப்பது பொதுவாகக் குற்றமில்லை. அதுவரை சரி. ஆனால் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் வந்த புட்டசாமி தீர்ப்பு, பொது இடத்தில் இருக்கிறார் என்பதாலேயே ஒருவர் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை என்கிறது. அதற்கும் முன்பே 1994இல், தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடலாமா என்று நம் ஊர்ப் பத்திரிகை ஒன்று போன வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் சொன்னது: தனியாக விடப்படும் உரிமை எல்லோருக்கும் உண்டு. பொது ஆவணத்தில் இருப்பதை வெளியிடலாம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் பிழைப்பு ஓடுகிறது.

பாரிமுனை வாதி: அப்போ எடுக்கலாம்னுதானே அர்த்தம்?

எடுக்கலாம். அதை எங்கே, எந்தத் தலைப்போடு போடுகிறோம் என்பதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். இருநூறு பேருக்கு நடுவில் நடக்க ஒப்புக்கொண்டவர், மறுநாள் வீட்டு ஓனர் கையில் இருக்கும் பேப்பரில் தனி ஆளாக நிற்க ஒப்புக்கொள்ளவில்லை. 2018 செப்டம்பர் 6இல், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை நீதிமன்றம் வரம்புபடுத்தியது உண்மை. வாடகை வீடு எந்தத் தீர்ப்பிலும் கிடைப்பதில்லை.

பெரம்பூர் ரயிலடி: நான் வாதி பக்கம் இல்லை, ஆனா அக்காவோடவும் ஒத்துப்போகலை. கண்ணுல கறுப்புப் பட்டை போடுறது பிக்பாக்கெட் போட்டோவுக்கு. பெருமையோட நடக்கிறவங்களுக்கு அதைப் போட்டா திருடன்னுதானே சொல்றோம்?

இது நல்ல சண்டை. தோழர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

அமெரிக்காவில் ‘தி லேடர்’ என்று தன்பாலீர்ப்புப் பெண்களுக்கான இதழ் 1956 முதல் வந்தது. 1960களின் நடுவில் கே லஹூசன் அதன் அட்டைக்கு உண்மையான பெண்களைப் படமெடுக்க ஆரம்பித்தார். முதலில் கிடைத்தவை பக்கவாட்டு முகம், கறுப்புக் கண்ணாடி, திரும்பிய தலை. முகம் காட்டச் சம்மதிக்கிற ஆள் கிடைக்கவில்லை. 1966 ஜனவரி அட்டையில் லில்லி வின்சென்ஸ் கேமராவை நேராகப் பார்த்துச் சிரிக்கிறார். முகத்தைத் தர அவரே முன்வந்ததால்தான் அந்தப் படத்துக்கு அவ்வளவு எடை.

நம் நாட்டிலும் ஒன்று: 1986–87இல் சுனில் குப்தா டெல்லியில் ‘எக்சைல்ஸ்’ வரிசையை எடுத்தார். ஆண்கள் இந்தியா கேட்டிலும் ஹுமாயூன் கல்லறையிலும் நிற்கிறார்கள். பல படங்களில் முகம் திரும்பியோ ஃப்ரேமுக்கு வெளியிலோ இருக்கிறது. கறுப்புப் பட்டை எங்கும் இல்லை. முதுகு, தோள், பின்னால் ஊரே அறிந்த கட்டடம், கீழே அவர்கள் சொன்ன வார்த்தைகள். மறைப்பதை எடுக்கும்போதே செய்துவிட்டார், எடுத்தபின் ஒட்டவில்லை.

ஆக, பட்டை அசிங்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பட்டையே தேவைப்படாதபடி எடுங்கள்: ஊர்வலத்தின் பின்னாலிருந்து, பதாகைக்குக் கீழே தெரியும் கொலுசும் ஷூவுமாக, கொடித் துணிக்கு அந்தப் பக்கம் நிழலாக. முகம் தர விரும்புகிறவரை 35 அல்லது 50 எம்எம்மில் நேராக, அருகில் போய், கேட்டு எடுங்கள். 24இல் மூக்கை இடிக்கிற மாதிரி போகாதீர்கள், மூக்கு பூசணிக்காயாகும். ‘படம் வேண்டாம்’ என்பவர்களுக்கு ரிப்பனோ ஸ்டிக்கரோ ஏற்பாடு உண்டா என்று ஒருங்கிணைப்பாளரிடம் முதலிலேயே விசாரியுங்கள்.

பாரிமுனை வாதி: வெறும் படம், இதனால யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?

விட மாட்டீர்கள் போல. சரி, 1913க்குப் போவோம். லண்டன் ஹாலோவே சிறையில் வாக்குரிமை கேட்ட பெண்கள் போலீஸ் படத்துக்கு முகத்தைச் சுளித்து மறுத்தார்கள். காவல்துறை 11 அங்குல டெலி லென்ஸ் ஒன்றை வாங்கி, சிறை முற்றத்தில் அவர்கள் உலாவும்போது ஒளிந்திருந்து எடுக்க வைத்தது. அந்தப் படங்கள் அருங்காட்சியகங்களுக்கு அடையாளத்தாளாகப் போயின. அந்தத் தாளில் இருந்த ஈவ்லின் மனெஸ்டா என்பவரின் படத்தை உற்றுப் பாருங்கள் (இவர் இருந்தது மான்செஸ்டர் சிறையில்). மூலப்படத்தில் காவலாளியின் கை அவர் கழுத்தைச் சுற்றிப் பிடித்திருக்கிறது, தலையைக் கேமரா பக்கம் நிமிர்த்த. சுற்றுக்கு விட்ட பிரதியில் அந்தக் கை இல்லை. கழுத்தில் துணி சுற்றியது போலத் தீட்டிவிட்டார்கள். பலவந்தம் போய், தானே போஸ் கொடுத்தது போல ஆகிவிட்டது. நாமும் க்ராப் செய்யும்போது யாருடைய கையை வெட்டுகிறோம் என்று ஒரு நொடி பாருங்கள். இந்த விவாதம் இத்துடன் போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

சேத்துப்பட்டு சேகர்: பேரணியில எடுத்த படத்துல லொகேஷன் தெரியுமா சார்?

சார் இல்லை. மேலே நித்யாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மேற்கு மாம்பலம் மீனா: தலைப்பில் ‘ஓரினச்சேர்க்கையாளர்கள் பேரணி’ என்று போடலாமா?

வேண்டாம். ‘சேர்க்கை’ என்ற சொல் ஆளையே படுக்கையறைச் செயலாகச் சுருக்குகிறது. தன்பாலீர்ப்பு என்றால் ஈர்ப்பைச் சொல்கிறது. மொத்தமாகச் சொல்ல பால்புதுமையர். திருநர் என்பது பொதுச்சொல். பெண்ணாக உணர்பவர் திருநங்கை, ஆணாக உணர்பவர் திருநம்பி. ஊடுபால் என்பது உடற்கூறு சார்ந்தது, திருநரோடு குழப்பாதீர்கள். 2021இல் சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் எடுத்த முயற்சியால், 2022 ஆகஸ்டில் தமிழக அரசிதழிலேயே சொற்பட்டியல் வந்துவிட்டது. ‘இடம் பத்தாது’ என்று தலைப்புக்காரர் சொன்னால், ‘வானவில் பேரணி’யில் எழுத்து இன்னும் குறைவு.

படக்குறிப்பில் ‘அவன்’, ‘அவள்’ சிக்கலும் நமக்கு இல்லை. ‘அவர் வந்தார்’ என்று எழுதிவிட்டுப் போகலாம், தமிழ் கொடுத்த வசதி. பழைய பெயரை அடைப்புக்குறியில் போடாதீர்கள். அந்தப் பெயரை யாரும் உங்களிடம் கேட்கவில்லை.

விழுப்புரம் வழி: கூவாகம் திருவிழா எடுக்கப் போறேன். டிப்ஸ்?

சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நூறு கேமரா அங்கே நிற்கும். எல்லாவற்றிலும் ஒரே மூன்று படம்: கண்ணாடி முன் லிப்ஸ்டிக், தாலி கட்டும் இரவு, மறுநாள் தாலி அறுத்து வளையல் உடைத்து அழும் முகம். அழுகிறவரின் முகத்துக்கு ஓரடியில் லென்ஸை நீட்டாதீர்கள். அது அவர்களுக்குச் சடங்கு, உங்களுக்குக் காட்சி. தேங்காய்க் கடை, பேருந்தில் வந்து இறங்கும் கூட்டம், பந்தலில் காலை நீட்டித் தூங்குகிறவர்கள், அவர்களோடு வந்த ஊர்க்காரர்கள் எல்லாம் இருக்கிறார்கள். அவர்களை யாரும் எடுப்பதில்லை. அங்கும் தூங்குகிறவரை எழுந்தபின் கேளுங்கள்.

ராயப்பேட்டை ரீல்: எந்த கேமரா வாங்கலாம்?

முதல் பத்தி.

அச்சக அண்ணாச்சி: நம்ம பிரஸ்ல வானவில் கொடியின் ஊதா, நீலமாவே வருது. ஆறு பட்டை அஞ்சாகுது.

அண்ணாச்சி, சயான் (நீல) மையும் மெஜந்தா (இளஞ்சிவப்பு) மையும் அளவில் நெருங்கினால் எல்லாம் ஒரே கலங்கலாகும். இரண்டுக்கும் நடுவே முப்பது சதவீதம் இடைவெளி விடுங்கள். நீலப் பட்டைக்கு சயான் 100, மெஜந்தா 60. ஊதாவுக்கு சயான் 60, மெஜந்தா 90. நியூஸ்பிரிண்டில் மொத்த மை 240 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் பின்பக்கத்துக்கு ஊறும். படுக்கைவசமாகப் பிடித்தால் சிவப்பு மேலே. திருநர் கொடிக்கு இந்தத் தொல்லை இல்லை. 1999இல் மோனிகா ஹெல்ம்ஸ் அதை எப்படிப் பிடித்தாலும் சரியாக இருக்கும்படியே வடிவமைத்தார்.

வேளச்சேரி விஜி: சம்மதம் எழுத்தில் வாங்கணுமா? ஊர்வலத்துல பேப்பர் நீட்டினா சிரிக்க மாட்டாங்களா?

நீளமான படிவம் வேண்டாம், மூன்று கேள்வி போதும்: எடுக்கலாமா, அச்சில் போடலாமா, இணையத்தில் போடலாமா. மூன்றும் தனித்தனி. அச்சுக்குச் சரி என்று சொல்லி இணையத்துக்கு மறுக்கிறவர்கள் நிறைய. போனில் அவர் குரலில் பதிவு செய்து, படத்தின் எண்ணையும் சொல்லி முடியுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்று தோன்றினால் முகம் வேண்டவே வேண்டாம். உங்கள் எண்ணைக் கொடுங்கள், மறுநாள் மனம் மாறினால் கூப்பிட.

தாம்பரம் தமிழ்: ஒரு அமைப்பு காசு கொடுத்து எடுக்கச் சொன்னா, படம் யாருக்குச் சொந்தம்?

வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் காசு கொடுத்தவருக்கு. பதிப்புரிமைச் சட்டம் 17(பி). உங்கள் தொகுப்பில் வைத்துக்கொள்ளும் உரிமையை முன்பே எழுதி வாங்குங்கள்.

சூளைமேடு சுடர்: அஞ்சு வருஷம் முன்னாடி ஒருத்தர் சரின்னு சொன்ன படம். இப்ப எடுத்துடச் சொல்றார். அப்புறம் லொகேஷன் எப்படி நீக்குறது?

இரண்டாவதற்கு நித்யாவுக்குச் சொன்னதே பதில். முதலாவதற்கு: இணையத்திலிருந்து அன்றைக்கே எடுங்கள், காரணம் கேட்காதீர்கள். காப்பகத்தில் கோப்பு இருக்கலாம், ஆனால் குறிப்புப் பெட்டியில் ‘வெளியிட வேண்டாம்’ என்று தேதியோடு எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஜூனில் புதிதாகச் சேர்ந்த தம்பி யாராவது ‘பேரணி’ என்று தேடி, முதலில் வந்த அதே படத்தை மறுபடி பக்கத்தில் வைத்துவிடுவார்.