சௌசௌ பந்தலும் நரம்பின் நுனியும்: கேள்வி பதில்

போன சனிக்கிழமை தாண்டிக்குடியில் நரம்பு செல்லையும் அதற்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தையும் பற்றிப் பேசினேன். மழை பிடித்துக்கொண்டதால் பாதியில் முடிக்க வேண்டியதாயிற்று. சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டியூபுலினில் வேதி மாற்றம் என்றீர்களே, அதற்கும் நரம்பு வளர்வதற்கும் என்ன சம்பந்தம் சார்? (பிளஸ் டூ மாணவி, பண்ணைக்காடு)

இடுப்பிலிருந்து பாதம் வரை போகும் நரம்பிழை ஒன்று ஒரு மீட்டர் நீளம் வரும். அதற்குள் தூணாகவும் சரக்குப் பாதையாகவும் இருப்பவை நுண்குழல்கள். ஆல்ஃபா, பீட்டா டியூபுலின் ஜோடிகள் சரமாகக் கோத்து, 13 சரம் ஒட்டினால் 25 நானோமீட்டர் தடிமனில் ஒரு குழல்.

உங்கள் வீட்டுச் சௌசௌ பந்தலைப் போய்ப் பாரம்மா. நுனி பச்சையாக, வளைந்து வழி தேடும். அடிக்கொடி முற்றிக் கட்டையாகி, காயைத் தாங்கும். நரம்பிழையும் அப்படித்தான். புது ஆல்ஃபா டியூபுலினின் வால் நுனியில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கும். குழலில் சேர்ந்து நாளானால் வாசோஹிபின் நொதி அதைக் கத்தரித்துவிடும். இதைக் கண்டுபிடித்ததே 2017-ல்தான். குழல் உதிர்ந்தால் டி.டி.எல். என்ற நொதி டைரோசினைத் திரும்ப ஒட்டிவிடும். அதனால் வளரும் நுனியில் டைரோசின் உள்ள இளங்குழல்கள் அதிகம், தண்டுப் பகுதியில் முற்றியவை அதிகம். முற்றியவற்றில் இன்னொரு அடையாளமும் சேரும்: குழலின் உட்புறம், ஆல்ஃபா டியூபுலினின் 40-வது இடத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் அசிட்டைல் என்ற சிறு வேதித் துணுக்கு. அது இருந்தால் குழல் வளைந்தாலும் சட்டென்று ஒடியாது.

டி.டி.எல். இல்லாத எலிக்குட்டிகள் பிறந்த கையோடு இறந்துவிடுகின்றன. அவற்றின் மூளையில் நரம்பிழைகள் தாறுமாறாக ஓடியிருந்தன. ஒரே ஓர் அமினோ அமிலம்! இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

நான் கண்வலிக் கிழங்கு போடுகிறேன். விதையை மருந்துக்கு வாங்குகிறார்கள். அதுவும் இதில் வருமா? (விவசாயி, ஒட்டன்சத்திரம்)

வராமலா அண்ணே! டியூபுலினே அந்த விதையில் இருக்கும் கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருளால்தான் சிக்கியது. 1967-ல் போரிஸி, டெய்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அந்த மருந்து செல்லில் எதைப் பிடிக்கிறது என்று தேடிப் போனார்கள். பிளவுபடும் செல்களில் பிடித்தது சரி. பிளவுபடாத நரம்பு செல் நிறைந்த மூளையிலும் ஏராளமாகப் பிடித்தது. அந்தப் புரதம்தான் டியூபுலின். கோல்ச்சிசின் ஒட்டிய ஜோடி குழலில் சரியாகப் பொருந்தாது, குழல் கட்டுவது நின்றுபோகும். மூட்டு வலிக்கென்று கிழங்கை வீட்டில் அரைத்துக் குடித்துவிடாதீர்கள், உயிர் போய்விடும். விதை காயப்போட்ட இடத்தில் குழந்தைகளையும் விடாதீர்கள்.

அம்மாவுக்குப் புற்றுநோய்க்கு டாக்ஸால் ஏற்றுகிறார்கள். பாதம் மரத்துப்போகிறது என்கிறார். (பெருமாள்மலை)

டாக்ஸால் கோல்ச்சிசினுக்கு நேர் எதிர். குழலை உதிரவிடாமல் இறுக்கிப் பிடிக்கும். புற்று செல் பிளவுபட முடியாமல் நிற்கும். ஆனால் நரம்பிலும் அதே குழல்தானே. சரக்குப் போக்குவரத்து கெடுகிறது, மிக நீளமான இழைகள் முதலில் அடிபடுகின்றன. அதனால்தான் பாதம். அம்மா பொறுத்துக்கொண்டு மறைக்க வேண்டாம், அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ இடைவெளியையோ மாற்ற வழி இருக்கும். இந்தக் குளிரில் கால் பக்கம் வெந்நீர்ப் பை வைப்பீர்கள். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். நீங்கள் தொட்டுப் பார்த்துவிட்டு, மேலே துணி சுற்றி வையுங்கள்.

கவாத்துக் கத்தி பட்டு மணிக்கட்டில் நரம்பு அறுந்து, தைத்திருக்கிறார்கள். எப்போது உணர்ச்சி வரும்? (காபித் தோட்டத் தொழிலாளி, பாச்சலூர்)

நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும் தம்பி. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி 18 சென்டிமீட்டர் என்றால் ஆறு மாதக் கணக்கு. சிலருக்குக் கூடுதலாகும், முழுசாகத் திரும்பாமலும் போகலாம். அறுந்த முனையில் நடப்பதைக் கேளுங்கள்: அங்கே குழல்களின் அசிட்டைல் அடையாளம் நீக்கப்பட்டு, முற்றிய தண்டு மறுபடி இளசாகிறது. தை மாதம் கவாத்து பண்ணிய சௌசௌ தளிர்ப்பது மாதிரி. விரல் பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

டைரோசின் பவுடர் சாப்பிட்டால் நரம்பு வளருமா?

வளராது. உடம்பில் டைரோசினுக்குப் பஞ்சமில்லை, ஒட்டுவதும் வெட்டுவதும் நொதிகளின் கையில். காசை மிச்சம் பிடியுங்கள்.

அடையாளம் கூடக் கூட நல்லதுதானே? (ஆசிரியர், கே.சி.பட்டி)

இல்லை சார். டியூபுலின் வாலில் குளுட்டமேட் என்ற அமினோ அமிலம் சங்கிலியாக ஒட்டுவது மூளையில் இயல்பாக நடப்பது. அதைக் குறைக்கும் சி.சி.பி.1 நொதி கெட்டுப்போன எலிகளில் சங்கிலி மிதமிஞ்சி நீண்டு, சிறுமூளையில் புர்கிஞ்சி செல்கள் என்ற நரம்பு செல்கள் சாகின்றன, எலி தள்ளாடுகிறது. அதே மரபணு கெட்ட குழந்தைகளைப் பற்றி 2018-ல் எழுதினார்கள். சிறு வயதிலேயே நரம்புகள் சிதைகின்றன. அந்த எலிகளில் குளுட்டமேட்டை ஒட்டும் நொதியையும் நீக்கிப் பார்த்தார்கள். புர்கிஞ்சி செல்கள் பிழைத்தன.