எட்டு வயதில் ஐ.க்யூ. இறங்கியது ஏன்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிறோம். பள்ளியில் சேர்ப்பதற்காக என் மகனுக்கு ஐந்து வயதில் எடுத்த ஐ.க்யூ. டெஸ்ட்டில் 117 வந்தது. எட்டு வயதான இப்போது மறுபடி எடுத்தோம், 104தான். மொழிப் பகுதியில் 96, மொழி சாராத பகுதியில் 112. வகுப்பில் கவனமே இல்லை, எதைச் சொன்னாலும் "என்ன?" என்று திரும்பக் கேட்கிறான் என்கிறார் டீச்சர். குளிர்காலம் முழுக்க அவனுக்குச் சளி. பாட்டியோடு தமிழில் பேசுவதை நிறுத்திவிட்டு, வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்று பள்ளியில் சொல்கிறார்கள். மூன்றே வருடத்தில் பிள்ளைக்கு அறிவு குறைந்துவிடுமா, டாக்டர்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இந்த எண்களை வைத்து அறிவு குறைந்துவிட்டதென்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 104 இல்லை, அந்த "என்ன?"தான். அதற்கு வருகிறேன்.

ஐ.க்யூ. என்பது அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் போடும் மதிப்பெண். சராசரி 100. 117 என்றால், நூறு பிள்ளைகளில் சுமார் 87 பேரைத் தாண்டி நிற்கிறான். 104 என்றால் சுமார் 60 பேரை. ஐந்து வயதில் தெரிந்ததைவிட இன்று அவனுக்கு எவ்வளவோ அதிகம் தெரியும். வரிசையில் அவன் இடம்தான் மாறியிருக்கிறது. ஒரே பிள்ளைக்கு ஒரே டெஸ்ட்டை வைத்தாலும் ஐந்தாறு புள்ளி மேலே கீழே போவது சகஜம்.

தவிர, இரண்டு முறையும் ஒரே டெஸ்ட்டாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. இங்கே சின்னப் பிள்ளைகளுக்கு ஜே.எஸ்.ஏ.ஐ.எஸ். என்ற ஐ.க்யூ. டெஸ்ட்டை வைப்பார்கள், அது எட்டு வயதுக்குள் முடிந்துவிடும். ஏழு வயதிலிருந்து பதினாறு வரை எஸ்.எஸ்.ஏ.ஐ.எஸ்.-ஆர். என்ற டெஸ்ட். இரண்டும் ஆங்கிலத்தையோ ஆப்பிரிக்கான்ஸையோ வீட்டு மொழியாகக் கொண்ட பிள்ளைகளை மனதில் வைத்துத் தயாரித்தவை. எந்த டெஸ்ட் என்று இரண்டு அறிக்கைகளிலும் பாருங்கள். வேறு வேறு என்றால், 117-இலிருந்து 104-ஐக் கழித்துப் பார்ப்பதில் பெரிய அர்த்தமில்லை.

சிறு வயது மதிப்பெண் நிலையாக நிற்பதுமில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லியில் பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 1948-இல் வெளியிட்ட ஆய்வில், 6 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையே ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்கு 15 புள்ளியோ அதற்கு மேலோ மாறியிருந்தது. பள்ளி வயது முதிர முதிரத்தான் மதிப்பெண் நிலைப்படும். ஸ்காட்லாந்தில் 1932-இல் 11 வயதுப் பிள்ளைகள் 87,000-க்கும் மேற்பட்டோருக்கு ஒரே நாளில் தேர்வு வைத்தார்கள். அவர்களில் சிலரை 77 வயதில் தேடிப்பிடித்து அதே தேர்வை எழுதவைத்தபோது, அன்று முன்னால் இருந்தவர்கள் பெரும்பாலும் முன்னாலேயே இருந்தார்கள். பதினொரு வயதில் இருக்கும் அந்த உறுதியை ஐந்து வயது எண்ணிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இனி அந்த "என்ன?". மொழிப் பகுதியில் 96, மற்றதில் 112 என்று 16 புள்ளி இடைவெளி இருக்கிறது. மொழிப் பகுதியில் ஒரு கதையைப் படித்துக் காட்டி, பிள்ளையைத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். கணக்கையும் வாயால் கேட்பார்கள். கட்டைகளை அடுக்குவதற்கோ படத்தில் விடுபட்டதைக் காட்டுவதற்கோ காது அவ்வளவாகத் தேவையில்லை. ஓயாத சளியில் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டிக்கொள்ளும். வலி இருக்காது, சீழ் வராது. பிள்ளைக்கு மெல்லிய பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்காது. கேட்காத பிள்ளையைத்தான் கவனமில்லாதவன் என்று எத்தனையோ வகுப்புகளில் பின்பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இந்த மாதமே ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) காட்டி, எவ்வளவு மெல்லிய ஒலிவரை கேட்கிறது என்று பார்க்கும் ஆடியோகிராமும், செவிப்பறை சரியாக அசைகிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரியும் எடுங்கள். இரண்டும் வலிக்காது. நீர் இருந்தால் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாக வடிந்துவிடும். அப்படியே நின்று கேட்கும் திறனும் குறைந்திருந்தால் இ.என்.டி. டாக்டர் செவிப்பறையில் சின்னக் குழாய் வைக்கலாமா என்று முடிவெடுப்பார். அதுவரை முன்வரிசையில் உட்கார வைக்க டீச்சரிடம் சொல்லுங்கள். கண் பரிசோதனையையும், ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்திருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

தமிழை நிறுத்தாதீர்கள். இரு மொழிப் பிள்ளைக்கு ஒரு மொழியில் மட்டும் சொற்களை எண்ணினால் கொஞ்சம் குறைவாகத் தெரியலாம். இரண்டையும் சேர்த்து எண்ணினால் குறைவே இருக்காது. பாட்டியிடம் கதை கேட்டு, குறுக்கே கேள்வி கேட்டு வளரும் பிள்ளைக்கு மொழி நன்றாகவே வளரும். இந்த நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் இதே மாதிரி அறிவுரையைக் கேட்டு, பேரன் பேத்தியோடு பேச மொழியில்லாமல் போனதைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

உடனே இன்னொரு டெஸ்ட் வேண்டாம். கேள்விகள் நினைவில் இருந்தால் எண் பொய்யாக ஏறும். காதைச் சரிசெய்து ஒரு வருடமாவது போகட்டும். பள்ளிக்குத் தேவைப்பட்டால் மட்டும் பிறகு எடுக்கலாம். இந்த எண்ணை அவன் காதுபடப் பேசாதீர்கள்.

முன்பு வாசித்ததை இப்போது வாசிக்க முடியவில்லை, தெரிந்த வேலைகள் மறந்துபோகின்றன, பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிடுகிறான் என்றால் தாமதிக்காமல் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். அது எதுவும் இல்லையென்றால் காது ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.